அறுநூறு மீட்டர் முறுக்காத வயர்

அன்பு மகளுக்கு,

வருகிற சனிக்கிழமை நீ மாலைதீவுக்குப் புறப்படுகிறாய். கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பார்க்கிற வேலை என்று அம்மா நமது ஊர் கண்டக்குழி முழுக்கச் சொல்லி முடித்து, இப்போது பள்ளிவாசல்துறையில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு திரிகிறேன். உன்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அல்ல. சொல்லத் தொடங்கினால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை ஒழுங்காகச் சொல்வதற்கு எழுத்துத்தான் வேண்டும் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைத் தண்ணீர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கவும் கொடுக்கப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம், பொறுத்துக்கொள். இதில் வருகிற தண்ணீர் எல்லோருடையது.

நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் சங்கம் தொடங்கியது என்பதால் முதலில் இருந்து எழுதுகிறேன். யுத்தம் முடிந்து, ஆலங்குடாப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பி, காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் வரத் தொடங்கிய பிறகு, வீட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்க்கத் தொடங்கின. நமது மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. அதற்கு அடியில் உப்புத் தண்ணீர். மேலே இருப்பதை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறிவிடும். ஏறினால் அந்தக் கிணறு பல வருடத்துக்கு உதவாது. அதனால் கடற்கரையை விட்டுத் தள்ளி, உள்ளே மணற்காணியில் சங்கம் இரண்டு கிணறு வெட்டியது. மாதா கோயிலடியில் தண்ணீர்த் தாங்கி கட்டினோம். மின்சார இணைப்பு கோயிலடியில்தான் இருந்தது என்பதால் பம்பை ஓட்டுகிற பெட்டியும் சுவிட்சும் தாங்கிக்குப் பக்கத்து அறையில். அங்கிருந்து கிணறுகள் வரை அறுநூறு மீட்டர் கிடங்கு வெட்டி, பம்புக்கான கரண்ட் கேபிளும், கிணற்றுக்குள் தொங்குகிற மிதவைச் சுவிட்சுக்கான சின்னக் கேபிளும் புதைத்தோம். புதைத்தவன் நான். ஊரில் வயரிங் தெரிந்தவன் நான் ஒருவன்தான், பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எனக்கே வந்தது.

அந்தச் சின்னக் கேபிள்தான் கதை. வரைபடம் கீறித் தந்த பொறியியலாளர், இரண்டிரண்டாக முறுக்கிய, மேலே ஈயத்தாள் சுற்றிய கேபிள் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். பிற்காலத்தில் கருவிகள் பூட்ட வேண்டி வரும் என்று காரணமும் எழுதியிருந்தார். புத்தளத்தில் கடைக்காரர் அது கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை சுணங்கும் என்றார். கோயில் திருநாளுக்கு முதல் தண்ணீர் வர வேண்டும் என்று ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் ஆறு வயர் பக்கம் பக்கமாக நேராகப் போகிற தட்டைக் கேபிள் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு மிதவைச் சுவிட்சுக்கு எந்த வயரும் போதும் என்பது எனக்குத் தெரியும். அதை வாங்கி, குழாய்க்குள் இழுத்து, மண்ணை மூடினேன். சங்கத் தலைவர் நிஸ்தார் காக்கா வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் உள்ளபடிதானே போட்டீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். திருநாளுக்குத் தண்ணீர் வந்தது. எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அந்த ஓம் அதற்குள் எனக்கே மறந்துபோனது போல இருந்தது. அடுத்த வருடம் கிடங்கின் மேல் கொங்கிரீட் வீதி வந்தது, ஒரு ஹோட்டலின் மதிலும் வந்தது.

முதலாவது கிணறு உவர்த்துப்போனது அதற்குப் பிறகு வந்த ஒரு கோடையில். மிதவை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் மிதவைக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் தெரியும், அது என்ன தண்ணீர் என்று தெரியாது. தண்ணீர் மட்டம் இறங்கவில்லை, அடியிலிருந்து உப்பு ஏறி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தது. நான் தாங்கியடியில் இருந்துகொண்டு மூன்று நாள் பம்ப் ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன். தேநீர் கரிக்கிறது என்று பெண்கள் போத்தலோடு வந்தபோதுதான் விளங்கியது. மிஞ்சியது ஒரு கிணறு. அதில் உப்பின் அளவைக் கிணற்றடியிலேயே அளந்து, தாங்கி அறைக்கு அனுப்பி, எல்லை தாண்டினால் பம்பைத் தானாக நிறுத்துகிற ஒரு ஏற்பாடு வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. யாரைக் கேட்பது என்ற கதை வந்தபோது நிஸ்தார் காக்கா என்னைப் பார்த்து, உங்கட மகளைக் கேளுங்களேன் என்றார்.

அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உன் பரீட்சை முடிந்த நாட்களில், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறேன் என்று நீ விண்ணப்பத்தைக் கொண்டுவந்தபோது நான் கையெழுத்து வைக்க மறுத்தேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை இருக்கும்போது பொம்பிளைப் பிள்ளை ஏன் வயர் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். நான் பிடித்த அதே வயர். இரண்டு கிழமை வீட்டில் நீ என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் கையெழுத்து வைத்தார். பிறகு நீ தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாய், நான் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. ஊர் உன்னைக் கூப்பிட்ட பிறகுதான் நான் உன்னைக் கூப்பிட்டேன். அந்த வரிசை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாய். வரைபடத்தைப் பார்த்து, முறுக்கிய கேபிள் என்று நம்பி, அதற்கு ஏற்ற பெட்டிகளை வாங்கி, எழுத வேண்டியதை எல்லாம் எழுதிச் சோதித்துக் கொண்டுவந்திருந்தாய். இரண்டு வயரில் இலக்கங்களை அனுப்புகிற, கருவிக்காரர் நீங்கள் நானூற்றி எண்பத்தைந்து (RS-485) என்று கூப்பிடுகிற முறை. முதல் நாள் பம்ப் நிற்கும்போது இலக்கங்கள் அழகாக வந்தன. பம்பைப் போட்டதும் திரை முழுக்கக் குப்பை. பெட்டியை மாற்றினாய். பூமிக் கம்பியை மாற்றினாய். உன் புரோகிராமை வரி வரியாகத் திருப்பிப் பார்த்தாய். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவிடம், நான் எங்கோ பிழை விட்டிருக்கிறேன் என்று சொன்னாய். இரண்டாம் நாள் பின்னேரம், என்னால் ஏலாதென்று சங்கத்துக்குச் சொல்லிவிடலாமா என்று என்னைக் கேட்டாய். நான் ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாளைக்குப் பார்ப்பம் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் நீ கேபிளின் நுனியைப் பிடித்து, மேற்தோலை ஒரு முழத்துக்குக் கீறினாய். இணைப்புப் பெட்டிக்குள் வந்த துண்டு குட்டையாக இருந்ததால் அதுவரை உன் கண்ணில் அது படவில்லை. ஆறு வயரும் ஒன்றோடொன்று சேராமல் நேராகக் கிடந்தன. ஒவ்வொன்றாக விரலால் பிரித்துப் பார்த்தாய்.

"அப்பா, இது முறுக்காத வயர்."

"ஓம் மகள். எனக்கு மறந்துபோச்சு."

நீ சிரித்துவிட்டாய், பிழை உன்னுடையதில்லை என்ற ஆறுதலில். மகள், எனக்கு மறந்துபோகவில்லை. முதல் நாள் குப்பை வந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு நாள் நீ உன் மேல் சந்தேகப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறந்துவிட்டேன் என்று சொன்னது அதற்கு மேல் இன்னொரு பொய். பிறகு கூட்டத்தில் வயரைப் பற்றிச் சொன்னேன், ஆனால் அந்த இரண்டு நாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் அம்மாவுக்கும் கூட இதை இப்போதுதான் சொல்கிறேன். பிழையான வயரைப் புதைத்ததை ஊர் மன்னித்தது. இதை மன்னிப்பது உன் விருப்பம்.

அதன் பிறகு நீ செய்ததுதான் நான் பெருமைப்படுகிற பகுதி, அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். நீ கோபப்பட்டுப் பெட்டிகளைக் கட்டியிருக்கலாம். அதற்குப் பதில் அன்று முழுக்க அந்தக் கேபிளை அளந்தாய். ஒவ்வொரு வயரின் தடையையும் எழுதினாய், பம்ப் ஓடும்போது எந்த வயரில் எவ்வளவு இரைச்சல் ஏறுகிறது என்று எழுதினாய். முறுக்கிய வயரில் இரண்டு கம்பியும் இரைச்சலை ஒரே அளவில் வாங்கும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். நேராகப் போகிற வயரில் கரண்ட் கேபிளுக்குக் கிட்ட இருக்கிற கம்பி கூட வாங்கும், தள்ளி இருப்பது குறைய வாங்கும், கழித்தாலும் மிச்சம் நிற்கும். முப்பது வருடம் வயர் பிடித்தவனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கூட்டம். கோயில் மண்டபத்தில் பதினைந்து பேர் இருந்திருப்போம். கேபிள் வரைபடத்தில் உள்ளது இல்லை என்று மட்டும் நீ சொன்னாய், யார் போட்டது என்று சொல்லவில்லை. கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்று ஒருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அந்தக் கடைக்காரர் எனக்கு உண்மையைச் சொன்னவர், காத்திருக்கச் சொன்னவர். எழும்பி, வாங்கியது நான், தெரிந்துதான் வாங்கினேன் என்று சொன்னேன். நிஸ்தார் காக்கா என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு உன் பக்கம் திரும்பினார்.

"சரி மகள், நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க."

புதுக் கேபிள் போடுவதென்றால் கொங்கிரீட் வீதியை உடைக்க வேண்டும், ஹோட்டல் மதிலுக்குக் கீழே தோண்ட அனுமதி வேண்டும், கோடை முடிவதற்குள் நடக்காது என்றாய். வயர் இல்லாமல் வானொலி அலையில் அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். அனுப்பலாம், ஆனால் நடுவில் தென்னந்தோப்பும் ஹோட்டலின் மாடியும் நிற்கின்றன, உப்புக் காற்றில் அன்டெனாவின் மூட்டுகள் அரித்துப்போகும், அதைவிடப் பெரிய காரணம், ஒரு நாள் செய்தி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இங்கே இருப்பவர்களுக்குக் கண்டுபிடிக்க ஏலாது என்றாய். இருக்கிற கேபிளிலேயே செய்யலாம், ஆனால் முறையை மாற்ற வேண்டும் என்றாய். நானூற்றி எண்பத்தைந்தின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், திருந்தியது, ஆனால் பம்ப் கிளம்புகிற நேரம் இன்னும் தவறுகிறது என்று மறைக்காமல் சொன்னாய். அதனால் மின்னழுத்தத்தைப் பார்க்காமல் மின்னோட்டத்தைப் பார்க்கிற பழைய முறை, கரண்ட் லூப், அதைப் போடுவோம், இரண்டு முனையிலும் வயரும் கருவியும் தொடாமல் நடுவில் வெளிச்சத்தால் செய்தி தாண்டும்படி வைப்போம் என்றாய்.

கோயில் கமிட்டியில் இருக்கிற அல்போன்ஸ் அண்ணன், பழைய முறை என்றால் மெதுவாக இருக்காதா என்று கேட்டார். அதற்கு நீ சொன்ன பதிலை ஊரில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"கிணறு அவசரப்படுறதில்ல மாமா. பத்து செக்கனுக்கு ஒரு இலக்கம் சரியா வந்தா காணும். பிழையா ஆயிரம் வந்து என்ன செய்ய?"

பிறகு முக்கியமானதைச் சொன்னாய். இந்த முறையில் செய்தி இல்லாத நேரத்திலும் வயரில் ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும். வயர் அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும், அந்தக் கணமே தெரிந்துவிடும், பம்ப் நின்றுவிடும். சந்தேகம் வந்தால் கிணற்றைக் காப்பாற்றுகிற பக்கம் சாய்கிற ஏற்பாடு என்றாய். கிணற்றை இழந்த ஊருக்கு அதற்கு மேல் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நீ எதையும் பெரிதாகக் காட்டவும் இல்லை, எதையும் சின்னதாக மறைக்கவும் இல்லை. வருகிற இடியில் கிணற்றடிக் கருவியின் போர்ட் எரியலாம், அதற்கு மேலதிகமாக இரண்டு செய்து வைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். கேபிள் வாங்கிய அன்று எனக்கு அந்தத் தைரியம் இருந்திருந்தால் மூன்று கிழமை காத்திருங்கள் என்று ஊருக்குச் சொல்லியிருப்பேன்.

மிச்ச நாட்களில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அதைச் செய்து முடித்தோம். கரண்ட் கேபிளுக்கு எட்ட இருக்கிற இரண்டு வயரை நீ தெரிந்தெடுத்தாய். கிணற்றடியில் சின்ன சூரியத் தகடு ஒன்றும் பெட்டியும் பூட்டினோம். பம்பை நாற்பது தரம் போட்டு நிறுத்தச் சொன்னாய், நாற்பது தரமும் இலக்கங்கள் பிசகவில்லை. அப்போதும் நீ துள்ளவில்லை, இன்னும் பத்துத் தரம் போடுங்கள் அப்பா என்றாய். பஸ் ஏறுவதற்கு முதல் வரைபடத்தில் பழைய வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டி, உண்மையில் கிடக்கிற கேபிள் எது என்று எழுதி, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாய். இந்த முறை நான் மறுக்கவில்லை.

அந்த வருடத் திருநாளன்று நடந்ததை நான் தொலைபேசியில் அரைகுறையாகத்தான் சொன்னேன். காலை பத்தரைக்கு, வெளியூர்ச் சனமெல்லாம் வந்து நிறைந்திருக்கிற நேரத்தில், பம்ப் தானாக நின்றது. திரையில் உப்பின் அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. அரை மணித்தியாலத்தில் பைப்புகளில் தண்ணீர் மெலிந்தது. அல்போன்ஸ் அண்ணன் ஐந்தாறு பேரோடு அறைக்கு வந்தார். கையால் போடுகிற சுவிட்சை ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டுவிடு, முறுக்காத வயரை நம்பியா இவ்வளவு சனத்தையும் தண்ணீரில்லாமல் நிறுத்துகிறாய் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. என் வயர் அல்லவா. உன்னைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அப்பா, என்ர இலக்கத்தை நம்ப வேணாம். பம்ப் கடைசியா ஏத்தின தண்ணி குழாய்க்குள்ள இருக்கும். நான் வச்சிட்டு வந்த கை மீட்டரால உப்பை அளந்து பாருங்க. வித்தியாசம் இருந்தா சுவிட்சைப் போடுங்க."

தாங்கிக்கு ஏறுகிற குழாயில் இருக்கிற சின்னப் பைப்பைத் திறந்து, அவர்கள் எல்லோரும் பார்க்க அளந்தேன். திரையில் இருந்த இலக்கமும் கை மீட்டரின் இலக்கமும் ஒன்று. அல்போன்ஸ் அண்ணன் உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். இரண்டாம் தரமும் குடித்தார். பிறகு, லேசாகக் கரிக்கிறதுதான் என்று சொல்லி, தானே நிஸ்தார் காக்காவுக்கு அழைப்பெடுத்துக் கற்பிட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற பவுசர் லொறி அனுப்பச் சொன்னார். சனம் வரிசையில் நின்று வாளியில் தண்ணீர் எடுத்தது, முணுமுணுத்தது, திருநாளும் நடந்தது. மறுநாள் மத்தியானம் உப்பு இறங்கி, பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குச் சுவிட்சைப் போட்டிருந்தால் இன்றைக்கு நமக்குக் கிணறே இல்லை என்று நிஸ்தார் காக்கா கூட்டத்தில் சொன்னார். உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னார். நான் பின்வரிசையில் இருந்தேன், கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

புதிய இடத்தில் உன்னிடம் புதிய கேபிள்களும் நல்ல கருவிகளும் இருக்கும். எப்போதாவது யாரோ அவசரத்தில் செய்துவிட்டுப் போன ஒன்று உன் கையில் வரும். அப்போது என்னிடம் நடந்துகொண்டது போலவே அவர்களிடமும் நடந்துகொள். முதலில் அள. உள்ளதைச் சொல். ஆளை விட்டுவிட்டு வேலையைப் பார். நீ விடுகிற பிழை ஒன்று இருந்தால், என்னைப் போல் மண்ணை மூடிவிட்டு இருக்காதே. அதற்கு மேல் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை. இதுவும் நீ எனக்குக் காட்டியதுதான்.

இன்னும் ஒன்று. போன மாதம் நீ அம்மாவிடம், நான் போய்விட்டால் கிணற்று லைனை யார் பார்ப்பது, மாலைதீவு வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று சொன்னாயாம். அதற்கு அடுத்த கிழமை பின்னேர மழையோடு இடி விழுந்து, கிணற்றடிப் போர்ட் எரிந்துபோனது. நீ சொன்னபடியே பம்ப் நின்றது. தொலைபேசியைக் கையில் எடுத்தேன், பிறகு பைக்குள் வைத்துவிட்டேன். நீ எழுதி வைத்த தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலதிகமாகச் செய்து வைத்த போர்டைப் பூட்டினேன். இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், ஓட்டம் வரவில்லை. ஆறுதலாக முதலில் இருந்து அளந்துகொண்டு வந்தேன், பிழையைக் கண்டேன், திருத்தினேன். இருட்டுவதற்குள் இலக்கம் வந்தது. பம்பைப் பத்துத் தரம் போட்டு நிறுத்தினேன். ஒன்றும் பிசகவில்லை. எது எரிந்தது, நான் எங்கே பிழை விட்டேன், எப்படித் திருத்தினேன் என்று அறைக் குறிப்புக் கொப்பியில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ ஓடி வந்திருப்பாய். இப்போது சொல்கிறேன். லைனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய் வா, மகள்.

உன் அப்பா